நோயை ஆராயச் சென்று ஆட்சியை ஆராய்ந்தவர்: வைத்தியர் ருடோல்ப் விர்ச்சோ

கொள்ளைநோய் பரவி மக்கள் மடியத் தொடங்கியதும் ஆணைக்குழு ஒன்றை நியமித்து அனுப்புவது அரசாங்கங்களின் நெடுநாள் வழமை. ஆணைக்குழு செல்லும், பார்வையிடும், அறிக்கை சமர்ப்பிக்கும். பின்னர் அவ்வறிக்கை ஏதேனும் ஓர் அலுமாரியில் உறங்கும். இவ்வழமை எமது வாசகர்களுக்குப் புதியதன்று. 1848ஆம் ஆண்டு பிரசிய அரசாங்கமும் இவ்வாறானதோர் அறிக்கையை எதிர்பார்த்தே 26 வயதான வைத்தியர் ஒருவரைத் தனது தென்கிழக்கு எல்லைக்கு அனுப்பிவைத்தது. அவர் கொண்டுவந்ததோ அரசாங்கத்தின் மீதான குற்றப்பத்திரமாக அமைந்தது. ருடோல்ப் விர்ச்சோ என்ற அந்த இளைஞரை மருத்துவ உலகம் உயிர்க்கலங்களின் நோயியலை வகுத்த பேரறிஞராகப் போற்றுகின்றது. நாம் இங்கு பேச விழைவது அவரது வாழ்வின் மற்றப் பாதியைப் பற்றியேயாகும்.

விர்ச்சோ 1821ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆம் திகதி பொமரேனியாவிலுள்ள சிவெல்பைன் என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்துக்குள் அடங்குகின்றது. தந்தையார் விவசாயி, ஊர்ச்சபையின் பொருளாளராகவும் இருந்தவர். மகனை மருத்துவம் படிப்பிக்கும் அளவுக்கு வசதி இருக்கவில்லை. இராணுவத்துக்கு வைத்தியர்களை உருவாக்கும் பேர்லின் நிறுவனமொன்றில் அரச உதவியுடன் கற்று 1843இல் பட்டம் பெற்றார். அதன் பின்னர் சரிற்றே வைத்தியசாலையில் பிரேத பரிசோதனைப் பிரிவில் பணிபுரிந்தார். இறந்தவர்களின் உடல்களைக் கீறிப் பார்த்து, கண்ணால் கண்டதை மாத்திரம் எழுதும் பழக்கம் அங்கேதான் அவருக்குக் கைவந்தது.

1847ஆம் ஆண்டின் மாரி காலத்தில் மேல் சிலேசியாப் பகுதியில் டைபஸ் காய்ச்சல் மூண்டது. (இது நாமறிந்த நெருப்புக் காய்ச்சலன்று. உடற் பேன்களால் பரவும் வேறொரு கொடிய காய்ச்சல். பேனுக்கு இதில் பங்குண்டு என்பது 1909இல்தான் நிரூபிக்கப்பட்டது.) அதற்கு முன்னைய ஆண்டுகளில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்திருந்தது, வெள்ளமும் வந்து எஞ்சியதைக் கொண்டுபோயிருந்தது. மக்கள் பட்டினியில் வாடிய வேளையில் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. தலைநகரின் அதிகாரிகள் வாளாவிருந்தனர். பத்திரிகைகள் ஓயாது எழுதியதன் பின்னரே, சுகாதார விடயங்களுக்குப் பொறுப்பான அமைச்சர் மூத்த வைத்தியர் ஒருவரையும் அவருடன் விர்ச்சோவையும் அனுப்ப இணங்கினார். 1848 பெப்ரவரி 20ஆம் திகதி புறப்பட்ட விர்ச்சோ மூன்று வாரங்களுக்குக் குறைவான காலமே அங்கு தங்கினார். இக்குறுகிய காலத்துள் அவர் கண்டவை ஓர் ஆயுட்காலத்துக்குப் போதுமானவையாக இருந்தன.

அங்கே வாழ்ந்தவர்கள் போலந்து மொழி பேசும் கத்தோலிக்க ஏழைக் குடியானவர்கள். ஆட்சியோ ஜேர்மன் மொழியில் நடந்தது. கட்டளைகளும் அறிவித்தல்களும் அம்மக்கள் வாசித்தறிய இயலாத மொழியில் வந்தன. பாடசாலைகளில் பிள்ளைகளின் மொழி அறியாத ஆசிரியர்கள் இருந்தனர். நிலச்சுவான்தார்கள் குத்தகையையும் கடமை வரிகளையும் பெற்றுக்கொண்டு தூரத்து நகரங்களில் வாழ்ந்தனர். வீடுகளைப் பற்றி விர்ச்சோ விரிவாகவே எழுதினார். மரக்குற்றிகளை அடுக்கி, இடைவெளிகளைக் களிமண்ணால் அடைத்த சுவர்கள். திறக்கப்படாத சிறு சாளரங்கள். சமையலுக்கும் உறக்கத்துக்கும் ஒரே அறை. குளிர் தாங்காது அதே அறைக்குள் கட்டப்பட்ட கால்நடைகள். அவ்வறையில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் அடுத்தவர் தப்புவது எங்ஙனம்?

எண்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. பிளெஸ் மாவட்டத்தில் ஒரே ஆண்டில் சனத்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினர் மாண்டிருந்தனர். ரிப்னிக் மாவட்டத்தில் எட்டு மாத காலத்துள் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் காய்ச்சலில் வீழ்ந்தனர். வீழ்ந்தவர்களில் ஐவருக்கு ஒருவர் இறந்தார். இவை யாவும் அரசாங்கத்தின் சொந்தப் பதிவேடுகளிலிருந்த கணக்குகள் என்பதே கவனிக்கத்தக்கது. அவற்றை எடுத்துக் கூட்டிப் பார்க்கும் அக்கறை எவருக்கும் இருக்கவில்லை.

இந்நோய்க்கு அவர் எழுதிய மருந்துச்சீட்டுத்தான் அமைச்சை அதிர வைத்தது. கொயினாவும் கஞ்சியும் அனுப்புமாறு கேட்பதோடு அவர் நிற்கவில்லை. மக்களுக்கு முழுமையான சனநாயக உரிமை வேண்டும்; போலந்து மொழி அரச கரும மொழியாக வேண்டும்; ஆண்களுக்கும் பெண்களுக்கும் கல்வி வேண்டும்; அப்பகுதி தன் அலுவல்களைத் தானே நிர்வகிக்க வேண்டும்; சமய பீடம் அரசிலிருந்து விலகி நிற்க வேண்டும்; வரிச்சுமை ஏழைகளின் தோளிலிருந்து செல்வந்தர்களின் தோளுக்கு மாற வேண்டும்; வீதிகள் அமைய வேண்டும் என்றெல்லாம் எழுதினார். மருத்துவ அறிக்கையில் மொழிக்கென்ன வேலை என்று பேர்லினில் பலரும் வினவியிருப்பர். ஆட்சியாளர் பேசுவது குடிமக்களுக்கு விளங்காத இடத்தில் கொள்ளைநோய் பற்றிய எச்சரிக்கையும் விளங்காது என்பதே அவர் கண்டறிந்த உண்மை. 170 ஆண்டுகளுக்கு முற்பட்ட இவ்வாதத்தை எமது நாட்டு வாசகர்களுக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதேவேளை, அவ்வறிக்கை குறையற்றதென்றும் கூறுவதற்கில்லை. அம்மக்களின் அழுக்கையும் சோம்பலையும் குடிப்பழக்கத்தையும் பற்றி அவர் எழுதிய பகுதிகளை இன்று வாசிக்கும்போது, மேலிருந்து கீழே பார்க்கும் நகரத்துக் கல்விமானின் குரல் கேட்கவே செய்கின்றது. ஆயினும் அக்குறைகளை அவர் அம்மக்களின் பிறவிக் குணமெனத் தள்ளிவிடவில்லை. நூற்றாண்டுக் கணக்கான அடிமைத்தனமும் புறக்கணிப்பும் விளைவித்தவை அவை என்றே முடிவுகண்டார்.

அவர் பேர்லினுக்குத் திரும்பிய சில நாட்களில், மார்ச் 18ஆம் திகதி, புரட்சி வெடித்தது. விர்ச்சோ வீதித் தடைகளை எழுப்பியவர்களுடன் தாமும் நின்றார். அவ்வாண்டு ஜூலையில் நண்பர் ஒருவருடன் இணைந்து மருத்துவச் சீர்திருத்தத்துக்கென வார ஏடு ஒன்றைத் தொடங்கினார். ஓராண்டே அது வெளிவந்தது. புரட்சி ஒடுங்கியதும் அரசாங்கம் கணக்குத் தீர்த்துக்கொண்டது. 1849இல் சரிற்றே வைத்தியசாலைப் பதவியிலிருந்து அவர் இடைநிறுத்தப்பட்டார். எதிர்ப்புகள் எழுந்ததனால் நிபந்தனைகளுடன் மீள அழைக்கப்பட்டபோதிலும், அவர் அங்கு நீடிக்காது பவேரியாவின் வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுசென்ற உயிர்க்கல ஆய்வுகள் பெரும்பாலும் அங்கேதான் முதிர்ந்தன. 1856இல் பேர்லின் பல்கலைக்கழகமே அவரை மீண்டும் அழைத்துப் பேராசிரியராக அமர்த்தியது.

இங்குதான் எமது கதையின் இரண்டாவது பகுதி ஆரம்பமாகின்றது. எமது கணிப்பில் முதலாவதை விட இதுவே கடினமானது. 26 வயதில் சூடான அறிக்கை எழுதியவர்கள் உலகில் அநேகர். நாற்பது ஆண்டுகள் கான்களையும் மலக்குழிகளையும் பற்றிய கூட்டங்களில் சலிப்பின்றி அமர்ந்திருந்தவர்கள் அரிதிலும் அரிது. 1859இல் பேர்லின் மாநகர சபைக்குத் தெரிவான விர்ச்சோ, இறக்கும்வரை 43 ஆண்டுகள் அதன் உறுப்பினராக இருந்தார்.

அன்றைய பேர்லின் நகரின் நாற்றம் ஐரோப்பா எங்கும் பேசப்பட்டது. வீதியோரத் திறந்த கான்களில் வீட்டுக் கழிவுநீர் தேங்கி நின்றது, முற்றங்களில் மலக்குழிகள், அவற்றுக்கு அருகிலேயே கிணறுகள். 1866இல் வாந்திபேதி வந்தபோது அந்நகரில் 5,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டில் இதனை ஆராய மாநகரம் அமைத்த குழுவின் தலைமை விர்ச்சோவிடம் வந்தது. மண்ணையும் நிலத்தடி நீரையும் இறப்புக் கணக்குகளையும் தெருத் தெருவாகத் திரட்டிய பின்னர், பொறியியலாளர் ஜேம்ஸ் ஹோப்றெக்ட் வகுத்த திட்டத்தை அவர் ஆதரித்தார். நகரைப் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரித்து, நிலக்கீழ் குழாய்கள் வழியே கழிவுநீரைச் சேகரித்து, நீராவிப் பம்பிகளால் நகருக்கு வெளியேயுள்ள வயல்களுக்கு ஏற்றுவதே அத்திட்டம். கழிவை ஆற்றில் விட்டுக் கீழே வாழ்பவர்களுக்கு நோயை அனுப்புவதில்லை என்பது அதன் சிறப்பு.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதை அறிவது பயனுடையது. மாநகர சபையின் உறுப்பினர்களில் பாதிப் பேர் வீட்டு உரிமையாளர்களாக இருத்தல் வேண்டுமென அன்றைய பிரசியச் சட்டம் விதித்திருந்தது. ஒவ்வொரு வீட்டையும் குழாயுடன் இணைக்கும் செலவு யாருடைய பையிலிருந்து வருமோ, அவர்களே சபையில் அமர்ந்து வாக்களிக்க வேண்டியிருந்தது! விர்ச்சோ அவர்களிடம் கருணையை வேண்டவில்லை. கணக்குகளையே மேசையில் வைத்தார். 1873இல் வேலைகள் தொடங்கின. குழாய் இணைக்கப்பட்ட பகுதிகளில் நெருப்புக் காய்ச்சல் இறப்புகள் குறைந்தன. இதே காலப்பகுதியில் நகரின் முதலாவது மாநகர வைத்தியசாலை 1874இல் பிறிட்றிக்ஸ்ஹைன் பகுதியில் திறக்கப்பட்டது. அதன் பின்னாலும் அவரது உழைப்பு இருந்தது.

உணவுப் பாதுகாப்பிலும் அவர் கை வைத்தார். பன்றி இறைச்சியிலுள்ள திரிக்கினா என்னும் நுண்புழு மனிதரைக் கொல்ல வல்லது என்பது 1860களில் தெளிவாகியது. 1865இல் ஹெடர்ஸ்லேபன் என்ற சிற்றூரில் மாத்திரம் நூறு பேர் வரையில் இதனால் இறந்தனர். விற்பனைக்கு வரும் இறைச்சியை நுணுக்குக்காட்டியால் பரிசோதிப்பது கட்டாயமாக வேண்டுமென விர்ச்சோ வாதாடினார். இறைச்சி வணிகர்கள் கொதித்தெழுந்தனர். வணிகத்துக்குக் கேடு, வீண் பீதி என்றனர். கடைசியில் பரிசோதனையும் வந்தது. 1881இல் பேர்லினின் மத்திய கொல்களமும் திறக்கப்பட்டது.

வீடமைப்பு விடயத்தில் அந்நகரின் வரலாறு அவ்வளவு பெருமைக்குரியதன்று. கட்டட விதிகள் உட்புற முற்றத்துக்குக் குறித்த ஆகக்குறைந்த அளவு ஒவ்வொரு பக்கமும் 5.34 மீற்றர். தீயணைப்பு வண்டி திரும்புவதற்கு அந்த இடம் போதுமென்று கணக்கிட்டனர். மனிதருக்கு வெளிச்சமும் காற்றும் எவ்வளவு தேவை என்பதை எவரும் கணக்கிடவில்லை. ஐந்து மாடி உயரமான, ஒன்றன்பின் ஒன்றாக முற்றங்களைக் கொண்ட தொழிலாளர் குடியிருப்புகள் இவ்விதிகளின் கீழேயே பெருகின. 1887இல்தான் விதிகள் சற்று இறுகின. குழாய்கள் நிலத்தின் கீழே சென்றன. நிலத்தின் மேலே ஏழைகளின் நெரிசல் தொடர்ந்தது.

மாநகர சபையோடு நின்றுவிடாது 1861இல் முற்போக்குக் கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான விர்ச்சோ, மறு ஆண்டு பிரசியப் பாராளுமன்றத்துக்கும் தெரிவானார். அப்போது முதலமைச்சராக வந்த பிஸ்மார்க், பாராளுமன்றத்தின் அங்கீகாரமின்றியே இராணுவத்துக்குப் பணம் செலவிட்டார். வரவுசெலவுத் திட்டத்துக்கு மக்கள் பிரதிநிதிகளின் ஒப்புதல் வேண்டுமென்பதில் விர்ச்சோ விட்டுக்கொடுக்கவில்லை. 1865 ஜூனில் கடற்படைச் செலவு பற்றிய விவாதத்தில் பிஸ்மார்க்கின் வாய்மையை அவர் ஐயுற, முதலமைச்சர் அவரைத் துவந்த யுத்தத்துக்கு அழைத்தார். விர்ச்சோ மறுத்துவிட்டார். ஆயுதமாகப் புழு நிறைந்த இறைச்சியைத் தெரிவுசெய்தார் என்றொரு சுவையான கதை இன்றும் உலவுகின்றது, அதற்கு ஆதாரமில்லை.

இவ்வளவும் கூறிய நாம் மறுபக்கத்தை மறைப்பது முறையாகாது. கைகழுவுதலின் அவசியத்தை வலியுறுத்திய வியன்னா வைத்தியர் செமெல்வைஸின் கருத்தை விர்ச்சோ நீண்டகாலம் ஏற்கவில்லை. கிருமிகளே நோய்க்கு முழுக் காரணம் என்ற கொள்கையையும் ஐயத்துடனேயே நோக்கினார். கிருமியைக் கண்டதும் பட்டினியையும் குடிசையையும் ஆட்சியாளர் மறந்துவிடுவர் என்ற அச்சம் அவருக்கு இருந்திருக்கலாம். இதனை விடக் கனமான குறையொன்றும் உண்டு. 1870களில் கத்தோலிக்கத் திருச்சபைக்கு எதிராக பிஸ்மார்க் தொடுத்த போராட்டத்தை, பழைய எதிராளியான விர்ச்சோ ஆதரித்தார். கலாசாரப் போர் என்ற பெயரை அதற்கு 1873இல் சூட்டியவரும் அவரே. சமய பீடத்தின் ஆதிக்கத்தை உடைப்பதாக அவர் எண்ணினார். அடி விழுந்ததோ சிறுபான்மையினரான போலந்து மொழிக் கத்தோலிக்கர்கள் மீதாகும். 1872இல் மேல் சிலேசியாவின் ஆரம்பப் பாடசாலைகளில் ஜேர்மன் மொழியே போதனா மொழியாக்கப்பட்டது. 1876இல் அரச கருமங்கள் யாவற்றுக்கும் ஜேர்மன் ஒன்றே மொழியெனப் பிரசியா சட்டமியற்றியது. 1848ஆம் ஆண்டு அறிக்கை எதனைக் கோரியதோ அதற்கு நேர்மாறானது நடந்தேறியது.

எமது தீவுடனும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. இலங்கையின் வேடர்களைப் பற்றி 1881இல் அவர் ஆய்வுநூலொன்றை வெளியிட்டார். இங்கு வராமல், ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மண்டையோடுகளையும் பிறர் தந்த தகவல்களையும் கொண்டே அதனை எழுதினார். மனிதரின் எலும்புகளைத் திரட்டும் அக்கால வழக்கம் இன்று கண்டனத்துக்குள்ளாவது நியாயமே. எனினும் அதே அளவைக் கலையைக் கொண்டு அவர் வேறொன்றையும் செய்தார். 67 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜேர்மன் பாடசாலைப் பிள்ளைகளின் கண், தலைமயிர், தோல் நிறங்களைக் கணக்கெடுத்து, தூய ஜேர்மன் இனம் என்பதொன்று கண்ணுக்குப் புலப்படவில்லை என்று காட்டினார். யூதர்களுக்கெதிரான வெறுப்புப் பிரசாரம் பேர்லினில் தலைதூக்கிய வேளையில் அம்முடிவு பலருக்குக் கசந்தது.

1902 ஜனவரியில், 80 வயதான விர்ச்சோ பேர்லின் லைப்சிக் வீதியில் ஓடிக்கொண்டிருந்த ட்ராம் வண்டியிலிருந்து இறங்கும்போது வீழ்ந்து தொடையெலும்பு முறிந்தார். அதிலிருந்து தேறவில்லை. செப்டெம்பர் 5ஆம் திகதி காலமானார். அவ்வேளையிலும் அவர் மாநகர சபை உறுப்பினர். அவர் தெரிவான ஆண்டில் திறந்த கான்கள் நாறிய வீதிகளின் கீழே அப்போது கழிவுநீர்க் குழாய்கள் ஓடிக்கொண்டிருந்தன. மேல் சிலேசியாவின் அரச அலுவலகங்களில் போலந்து மொழி அப்போதும் ஒலிக்கவில்லை.