மருத்துவ மேதை ஹாஃப்கின்

(இரண்டாம் ஆண்டு தாவரவியல் மாணவர் ஒருவர்)

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் எங்கள் ஊராகிய திருமுக்கூடல். 11-ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், இங்கே 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை நடந்ததைப் பெருமாள் கோயில் கல்வெட்டு கூறுகிறது. பிறர் பிணி தீர்ப்பதை அறமாகப் போற்றிய மண்ணில் பிறந்த எனக்கு, வால்டெமர் ஹாஃப்கினின் வாழ்வு மிகவும் பிடிக்கும்.

1860-இல் ஒதெசா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பாரிசு பாஸ்டர் நிலையத்தில் நூலக உதவியாளராகச் சேர்ந்து, காலரா தடுப்பு மருந்தைக் கண்டார். 1892-இல் அதைத் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். மறு ஆண்டு இந்தியா வந்தார்.

1896-இல் பம்பாயைப் பிளேக் வாட்டியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமுமே அவருக்குக் கிடைத்த ஆய்வுக்கூடம். பயிற்சியில்லாத சில பணியாளரே துணை. தொட்டால் உயிரைக் குடிக்கும் கிருமியை அங்கே அவர் வளர்த்தார்! குடுவையில் இறைச்சிச் சாறு ஊற்றி, மேலே நெய்த்துளிகளை மிதக்கவிட்டார். துளிகளின் அடியிலிருந்து கிருமிகள் ஆலம் விழுதுகள்போல் தொங்கி வளர்ந்தன. பின்னர் அவற்றைச் சூடாக்கிக் கொன்று மருந்தாக்கினார். 1897 சனவரி 10-ஆம் நாள் அம்மருந்தையும் முதலில் ஏற்றது அவர் உடலே.

புகழ் பெருகிய வேளையில் பழி வந்து சேர்ந்தது. 1902 அக்டோபர் 30-இல் பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் டெட்டனசு நோயால் மாண்டனர். பம்பாய்க் கூடத்திலேயே மருந்து கெட்டது என்று குற்றஞ்சாட்டி, அவரைத் தலைமையினின்று விலக்கினார்கள். ஆனால், முல்கோவாலில் அப்புட்டியைத் திறந்தபோது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி மண்ணில் விழுந்தது. முறையாகத் தூய்மை செய்யாமல் அதையே மீண்டும் பயன்படுத்தினார் என்பதும் விசாரணையில் வெளிவந்தது. டெட்டனசுக் கிருமியின் உறைவிடமே மண்ணன்றோ!

ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் 1907-இல் அவருக்காக வாதாடினர். பழி நீங்கியது; பழைய பதவியோ திரும்பவில்லை. அவர் தொடங்கிய கூடம் 1925-இல் ஹாஃப்கின் நிலையம் எனப் பெயர் பெற்றது. 1930-இல் அவர் லோசானில் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! சிற்றறையில் கொடுங்கிருமியை வளர்த்தும் அவரைக் காத்தது ஒழுங்கு. அவ்வொழுங்கு ஒரு கணம் தவறியதால் போனவை 19 உயிர்கள். நம் ஆய்வுக்கூடத்தில் ஊசிக்கம்பியைச் சுடரில் காட்டும்போதும், பஞ்சடைப்பை எடுக்கும்போதும், வளர்ந்தது இன்னதென்று அறியாத கிருமியை அழுத்தக் கொதிகலனில் அழித்த பிறகே கொட்டும்போதும், இதை மறவாதிருப்போம். மதிப்பெண்ணுக்காக மட்டும் கற்கும் பழக்கமன்று அது. முகமறியாத மனிதரின் உயிருக்கு நாம் இடும் காவல்.