பட்டாணிச் செடியை ஹீரோவாக்கின பால்கே!

போன்ல கேமராவைத் திறந்து டைம்லேப்ஸ் பட்டனைத் தட்டினா போதும். மேகம் ஓடும், வெயில் சாயும், மெட்ரோ ஸ்டேஷன் கூட்டம் எறும்பு மாதிரி நகரும். கொஞ்ச நேரத்துல ரீல்ஸ் ரெடி. இதே வேலையை 1912-ல் மும்பையில ஒருத்தர் கையாலேயே செஞ்சார். அப்போ அவருக்கு வயசு 42. கையில காசு கிடையாது. வீட்டுல குழந்தைகள். எதிர்ல தொட்டியில முளைவிட்ட ஒரு பட்டாணிச் செடி. அதுதான் அவரோட முதல் ஹீரோ.

அவர் பேர் துண்டிராஜ் கோவிந்த் பால்கே. தாதாசாகேப் பால்கேன்னு சொன்னா உங்களுக்குச் சட்டுன்னு தெரியும். சிவாஜி கணேசன், கே.பாலசந்தர், ரஜினிகாந்த்னு நம்ம ஆட்கள் விருது வாங்கினப்போ எல்லாம் கேட்ட பேர்தான். விருது தெரிஞ்ச அளவுக்கு மனுஷரை நமக்குத் தெரியாது.

1870 ஏப்ரல் 30-ல் நாசிக் பக்கத்துல இருக்கிற திரிம்பகேஸ்வரில் பிறந்தார். அப்பா சமஸ்கிருத பண்டிதர். மகனுக்கு மனசெல்லாம் ஓவியம். மும்பை ஜே.ஜே. ஓவியக் கல்லூரியில சேர்ந்தார், அப்புறம் பரோடா கலா பவன். ஓவியம், சிற்பம், போட்டோகிராபி, அச்சுக்கலைன்னு கண்ணுல பட்டதையெல்லாம் கத்துக்கிட்டார். இன்னைக்கு இருந்திருந்தா, ஒரு கோர்ஸையாவது உருப்படியா முடின்னு வீட்டுல திட்டு விழுந்திருக்கும்.

கோத்ராவில் போட்டோ ஸ்டூடியோ வெச்சார். பிளேக் நோய் வந்து முதல் மனைவியையும் குழந்தையையும் கொண்டுபோயிடுச்சு. அந்த ஊரை விட்டே கிளம்பினார். நடுவுல மேஜிக் கத்துக்கிட்டு, தன் பேரைத் திருப்பிப் போட்டு 'கெல்பா'ங்கிற பேர்ல மேடையேறினார். 1902-ல் மறுமணம். தொல்லியல் துறையில கிடைச்ச அரசாங்க வேலையைச் சுதேசி இயக்கம் சூடு பிடிச்ச நேரத்துல விட்டார். அச்சகம் தொடங்கினார். வண்ண அச்சு கத்துக்க 1909-ல் ஜெர்மனிக்கே போய் வந்தார். கடைசியில பங்குதாரர்களோட மனஸ்தாபம், வெளியே வந்துட்டார். நாற்பது வயசு, அடுத்து என்னன்னு தெரியாத நிலைமை.

அந்தச் சமயத்துலதான் மும்பையில் ஒரு கூடாரக் கொட்டகையில் ஏசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படம் பார்த்தார். திரையில ஏசு நடக்க நடக்க, இவர் மனசுல கிருஷ்ணரும் ராமரும் நடந்தாங்க. நம்ம கதையை நாமே இப்படி எடுக்க முடியாதான்னு ஒரு கேள்வி விழுந்தது. வீட்டுக்குப் போய் மனைவி சரஸ்வதிபாயையும் கூட்டிட்டு வந்து அந்தப் படத்தைக் காட்டினார். அதுக்கப்புறம் மனுஷருக்குத் தூக்கம் போச்சு. மாசக்கணக்கா எந்தப் படம் வந்தாலும் போய் உட்கார்ந்தார். மீதி நேரம் சினிமா பத்தின புத்தகம், சின்ன கேமரா, பரிசோதனை. ஓய்வே கொடுக்காததுல கண் பார்வை கிட்டத்தட்டப் போயிடுச்சு. டாக்டர் ஒருத்தர் பொறுமையா வைத்தியம் பார்த்து, கண்ணாடி மேல கண்ணாடி கொடுத்துத்தான் பார்வையை மீட்டார்.

மீண்ட கண்ணோட நேரா லண்டன். இன்ஷூரன்ஸ் பாலிசிகளை அடமானம் வெச்சு 10,000 ரூபாய் புரட்டி, 1912 பிப்ரவரியில் கப்பல் ஏறினார். அங்கே யாரையும் தெரியாது. 'பயாஸ்கோப்' சினிமா பத்திரிகை ஆபீஸ் போர்டைப் பார்த்து உள்ளே நுழைஞ்சார். ஆசிரியர் முதல்ல வேண்டாம்னுதான் புத்தி சொன்னார். ஆள் அசையலைன்னு தெரிஞ்சதும் சிசில் ஹெப்வொர்த்னு ஒரு பெரிய தயாரிப்பாளர்கிட்ட அனுப்பினார். ஹெப்வொர்த் தன் ஸ்டூடியோவையே திறந்துவிட்டார். பால்கே அங்கே வேலையைப் பார்த்துக் கத்துக்கிட்டு, வில்லியம்சன் கேமராவையும் ஃபிலிம்ல ஓட்டை போடும் மெஷினையும் வாங்க ஏற்பாடு பண்ணிட்டு, ஏப்ரல் 1-ம் தேதி ஊர் திரும்பினார். இன்னைக்கும் எந்த செட்டுக்கும் முன்பின் தெரியாத ஒருத்தர் இப்படித்தான் போய் நிற்க வேண்டியிருக்கு. கதவு திறக்கிற ஹெப்வொர்த் கிடைக்கறது அவங்கவங்க அதிர்ஷ்டம்.

கேமரா வந்தாச்சு, படம் எடுக்கத்தான் பணம் இல்லை. பணம் வெச்சிருந்தவங்களுக்கோ இந்தியாவில் ஒருத்தன் சினிமா எடுப்பான்ங்கிறதுல நம்பிக்கை இல்லை. வாயால சொல்லி நம்ப வைக்கறதை விட்டுட்டு, பால்கே தொட்டியில ஒரு பட்டாணியை ஊன்றினார். எதிர்ல கேமராவை அசையாம நிறுத்தினார். தினமும் சில பிரேம்கள் மட்டும் எடுத்து மூடி வெச்சிடுவார். முளை வந்தது, தண்டு நீண்டது, கொடி கொம்பைத் தேடிச்சு. ஒரு மாசத்துக்கும் மேல இதே வேலை.

இங்கே ஒரு சின்ன கணக்கு, படம் எடுக்கிற பசங்களுக்காக. பால்கே நாளுக்கு ஒரே ஒரு பிரேம் எடுத்தார்னு பல இடத்துல எழுதியிருக்காங்க. அந்தப் படம் ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஓடிச்சுன்னும் அதே இடத்துல இருக்கும். ரெண்டும் சேராது. மௌனப் படக் காலத்துல விநாடிக்குச் சுமார் 16 பிரேம். ஒரு நிமிஷத்துக்கு 960. நாளுக்கு ஒண்ணுன்னா 30 நாள்ல ரெண்டு விநாடிகூட முழுசா தேறாது. ஒரு நிமிஷம் வரணும்னா தினமும் 32 பிரேமாவது எடுத்திருக்கணும். அத்தனை நாளும் கேமரா ஒரு இம்மிகூட நகரக் கூடாது, வெளிச்சம் ரொம்ப மாறக் கூடாது, அந்தப் பக்கம் ஓடுற குழந்தைங்க ஸ்டாண்டைத் தட்டிவிடக் கூடாது. கதையில சொல்ற ஒரு பிரேமைவிட நிஜ வேலை இன்னும் பெரிசு.

அந்தச் செடி வளர்றதைத் திரையில பார்த்த பிறகுதான் கடன் கொடுக்க ஆள் முன்வந்தாங்க. அதுவும் பத்தலை. மீதிக்கு சரஸ்வதிபாயோட நகை போச்சு.

சரஸ்வதிபாயைப் பத்தி ஒரு வரியில சொல்லிட்டுப் போக எனக்கு மனசில்லை. அப்போ கச்சா ஃபிலிம் ஓட்டை இல்லாமத்தான் வரும். ஓரத்துல வரிசையா ஓட்டை போட்டாத்தான் கேமராவுக்குள்ளே நகரும். ராத்திரி இருட்டுல உட்கார்ந்து அதைப் போட்டது இவங்கதான். ரசாயனம் கலக்கி ஃபிலிம் கழுவக் கத்துக்கிட்டாங்க. ஷூட்டிங்ல வெயிலைத் திருப்பி நடிகர் முகத்துல அடிக்க, வெள்ளைத் துணியைப் பிடிச்சுட்டு மணிக்கணக்கா நின்னாங்க. இன்னைக்கு நம்ம செட்டுல தெர்மாகோல் பிடிக்கற வேலை அது. கூடவே அறுபது, எழுபது பேருக்குச் சமையல். லேப், லைட், மெஸ் எல்லாம் ஒரே ஆள்.

எடுத்த படம் 'ராஜா ஹரிச்சந்திரா'. சந்திரமதி வேஷத்துக்குப் பெண்ணே கிடைக்கலை. சினிமாவில் முகம் காட்டறது அவ்வளவு கேவலம்னு நினைச்ச காலம். பாலியல் தொழில் செஞ்ச பெண்கள்கூட மறுத்துட்டாங்க. கடைசியில கிராண்ட் ரோடு ஓட்டல்ல வேலை பார்த்த அண்ணா சாலுங்கேங்கிற ஒல்லி இளைஞரைப் பிடிச்சார். ஓட்டல்ல மாசம் 10 ரூபாய், இவர் 15 தர்றேன்னார். ராணி கிடைச்சாச்சு. பெண் வேஷம் கட்டின மத்த ஆண்கள் மீசையை எடுக்க மாட்டோம்னு அடம்பிடிச்சாங்க. அப்பா இறந்தாத்தான் மீசை எடுக்கணும்ங்கிற வழக்கம் அவங்களுக்கு. ஒவ்வொருத்தரையும் தனித்தனியா சமாதானப்படுத்தித்தான் சவரம் நடந்தது.

ஹரிச்சந்திரனோட மகனா நடிச்சது பால்கேயோட சொந்தப் பையன் பாலச்சந்திரா. வெளிப்புற ஷூட்டிங்ல பையன் விழுந்து, தலையில அடிபட்டு மயங்கிட்டான். மும்பைக்குத் திரும்பிடலாம்னு கூட இருந்தவங்க சொன்னாங்க. முதலுதவி பண்ணின பால்கே, மகன் இறந்துகிடக்கும் காட்சி மிச்சம் இருக்கேன்னு, மயக்கத்துல இருந்த பையனை வெச்சே அதை எடுத்து முடிச்சதா அவர் வாழ்க்கையை எழுதினவங்க சொல்றாங்க. இதை அர்ப்பணிப்புன்னு மெச்சி எழுதறது வழக்கம். எனக்கு அதைப் படிச்சப்போ வயித்தைப் பிசைஞ்சது. படம் எடுக்கற வெறி ஒரு ஆளை எங்கே வரைக்கும் கொண்டுபோகும்னு தெரியணும்ங்கிறதுக்காகத்தான் இங்கே சொல்றேன்.

ஏழு மாசத்துக்குக் கொஞ்சம் கம்மியா எடுத்துக்கிட்ட வேலை. 3,700 அடி, நாலு ரீல். 1913 மே 3-ல் மும்பை கிர்காவ்ல இருந்த கோரனேஷன் தியேட்டர்ல பொதுமக்களுக்குத் திரையிட்டாங்க. கூட்டம் அலைமோதிச்சு. இதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே தோர்னேங்கிறவர் 'ஸ்ரீ புண்டலிக்' எடுத்தாரேன்னு இன்னைக்கும் ஒரு வாக்குவாதம் ஓடுது. அது மேடை நாடகத்தை அப்படியே படம்பிடிச்சது, கேமராமேன் வெள்ளைக்காரர், ஃபிலிம் கழுவினது லண்டன்ல. அதனால பெரும்பாலானவங்க பால்கே பக்கம். நானும்தான்.

அடுத்து வந்த 'மோகினி பஸ்மாசுர்' படத்துல துர்காபாய் காமத்தும் மகள் கமலாபாயும் நடிக்க வந்தாங்க. பெண் வேஷத்துக்குப் பெண்ணே வந்தாச்சு. 1915-ல் தீக்குச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி ஒரு ஸ்டாப் மோஷன் படம் எடுத்தார். 1917-ல் 'லங்கா தகன்'. இதுல ராமரும் சாலுங்கேதான், சீதையும் சாலுங்கேதான். சென்னையில் இந்தப் படத்தோட வசூல் காசை மாட்டு வண்டியில் ஏத்தி, போலீஸ் காவலோட கொண்டுபோனதா ஒரு கதை உண்டு. நம்ம ஊர்ல முதல் படமான 'கீசக வதம்' எடுத்த நடராஜ முதலியாரும் பால்கே படங்களால உந்தப்பட்டவர்தான். 1919-ல் 'காளிய மர்தன்'. பாம்புத் தலை மேல ஆடின குட்டிக் கிருஷ்ணன், பால்கேயோட மகள் மந்தாகினி.

இதுக்கு நடுவுல பணக்காரப் பங்குதாரர்களோட சேர்ந்து இந்துஸ்தான் ஃபிலிம் கம்பெனி உருவாச்சு. முன்னே பணம் இல்லாத கஷ்டம், இப்போ பணம் போட்டவங்க கணக்கு கேட்கற கஷ்டம். செலவு, நேரம் எல்லாத்துலயும் உரசல். ஒரு கட்டத்துல எல்லாத்தையும் விட்டுட்டுக் காசிக்குப் போய் உட்கார்ந்து நாடகம் எழுதினார். திரும்ப அழைச்சாங்க, வந்தார், பழைய ஈர்ப்பு வரலை.

1931-ல் 'ஆலம் ஆரா' வந்து திரை பேச ஆரம்பிச்சது. பால்கேயோட 'சேது பந்தன்' மௌனப் படமா எடுக்கப்பட்டு, அப்புறம் குரல் சேர்க்கப்பட்டது. 1937-ல் கோலாப்பூர் கம்பெனிக்காக 'கங்காவதரண்' எடுத்தார். அவர் எடுத்த ஒரே பேசும் படம். அதோட சரி. சின்னதும் பெரிசுமா நூத்துக்கும் மேல படம் எடுத்தவர், நாசிக்ல வருமானம் இல்லாம ஒதுங்கினார்.

'ராஜா ஹரிச்சந்திரா'வோட முதல், கடைசி ரீல்கள் மட்டும் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துல தப்பிச்சு இருக்கு. அதுவும் 1917-ல் அவரே திரும்ப எடுத்ததுன்னு சில ஆய்வாளர்கள் சொல்றாங்க. யூடியூப்ல தேடினா கிடைக்கும். ஈரச் சேலையோட தண்ணியில விளையாடற அந்தப்புரப் பெண்கள் அத்தனை பேரும் ஆம்பளைங்கன்னு தெரிஞ்சுட்டுப் பாருங்க, வேற மாதிரி இருக்கும். பட்டாணிச் செடிப் படம் பார்க்கக் கிடைக்கறதில்லை.

இரண்டாம் உலகப்போர் சமயம் ஃபிலிமுக்குத் தட்டுப்பாடு. படம் எடுக்க அரசாங்க அனுமதி வேணும். 73 வயசுல, உடம்பு தளர்ந்த நிலையில, பால்கே இன்னொரு படத்துக்கு அனுமதி கேட்டு விண்ணப்பிச்சார். 1944 பிப்ரவரியில் மறுப்புக் கடிதம் வந்தது. அடுத்த ரெண்டு நாள்ல, பிப்ரவரி 16 காலையில, நாசிக் வீட்டுல இறந்துபோனார்.