சர் பிரடெரிக் நிக்கல்ஸன்

பெரும்பாறையில் காப்பி பயிரிடும் சிறு குடியானவனுக்கு வரவு ஆண்டுக்கொரு முறை, செலவோ மாதந்தோறும். இடைக்காலத்தில் அவன் வட்டிக்காரன் வாயிலில் நில்லாதிருக்க வழி யாது? இவ்வினாவிற்கு விடை தேடியவர் 1846-ல் பிறந்த சர் பிரடெரிக் நிக்கல்ஸன்.

சென்னை மாகாண சிவில் உத்தியோகஸ்தரான அவரை, ஐரோப்பிய விவசாய பாங்குகளை ஆராயுமாறு 1892-ல் சர்க்கார் பணித்தனர். ஜெர்மனியில் ரைபைஸன் நிறுவிய கிராமச் சங்கங்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. ஒருவரையொருவர் நன்கறிந்த அயலார் கூட்டாகப் பொறுப்பேற்று, நாணயத்தையே ஈடாக்கிக் கடன் பெறும் முறை அது. 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக அவரது அறிக்கை வெளிவந்தது. 1904-ல் இந்திய ஐக்கிய நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே செங்கற்பட்டு ஜில்லா திரூரில் சங்கம் பதிவாயிற்று. உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்ற பின்னும் மாகாணத்தின் மீன்வளத்தைப் பெருக்க உழைத்த நிக்கல்ஸன் 1936-ல் காலமானார்.

அன்னிய ஆட்சியின் உத்தியோகஸ்தரெனினும், சங்கத்தின் உயிர் அங்கத்தினரின் சிக்கனத்திலும் சுயமுயற்சியிலுமே உள்ளதென்பதை அவர் தெளிந்திருந்தார். சர்க்கார் வழிகாட்டலாம், கணக்கைத் தணிக்கை செய்யலாம், எஜமானராதல் தகாது. சுதந்திர நாட்டிலோ, 1976-ல் தமிழ்நாட்டுச் சங்கங்களின் நிர்வாகக் குழுக்கள் கலைக்கப்பட்டு, தனி அதிகாரிகள் நெடுநாள் ஆண்டனர். கடன் கிடைத்தது, பொறுப்புணர்ச்சி தேய்ந்தது.

கைகொடுப்பது வேறு, கைப்பற்றுவது வேறு. தேர்தல் காலந்தவறாது நடக்கும் சங்கமே குடியானவனின் சொந்தச் சங்கமாகும். அதை அவனிடம் ஒப்படைப்பதே நிக்கல்ஸனுக்கு நாம் செலுத்தும் நன்றி.