சொல்வழி நடந்த இசை

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்தனர் நம் முன்னோர். அம்மூன்றும் ஒருங்கே கூடும் கலை திரைப்படம். அங்கே ஒரு பாடல் உருவாகும்போது இயலுக்கும் இசைக்கும் இடையே ஒரு வினா எழுகிறது. முதலில் பிறக்க வேண்டியது சொல்லா, மெட்டா? மெட்டு முதலில் அமைந்தால், அதன் அளவுக்குள் கவிஞர் சொற்களைப் பொருத்த வேண்டும். பாடல் முதலில் எழுதப்பட்டால், அதன் சீருக்கும் பொருளுக்கும் ஏற்ற இசையை இசையமைப்பாளர் தேட வேண்டும். இவ்விரு வழிகளிலும் சிறந்த பாடல்கள் தோன்றியுள்ளன. பாடலே முதலில் வர வேண்டும் என்பதைத் தம் கொள்கையாகக் கொண்டு வாழ்ந்தவர், 'திரையிசைத் திலகம்' எனப் போற்றப்படும் கே.வி. மகாதேவன்.

நாகர்கோவிலை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1918ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் இவர் பிறந்தார். அப்பகுதி அந்நாளில் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. இசைக் குடும்பத்தில் பிறந்த இவர், பூதப்பாண்டி அருணாசலக் கவிராயரிடம் இசை பயின்றார். இளமையில் நாடகக் குழுவில் சேர்ந்து நடித்தார். மேடையில் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும். நாடக மேடையின் அந்தப் பயிற்சியோடு அவர் திரையுலகில் நுழைந்தார்.

1942இல் வெளிவந்த 'மனோன்மணி' திரைப்படத்தில் டி.ஏ. கல்யாணத்துடன் இணைந்து பணியாற்றினார். நம் தமிழ்த்தாய் வாழ்த்து இடம்பெற்ற சுந்தரனாரின் 'மனோன்மணீயம்' நாடகமே அப்படத்திற்கு மூலம். எனினும், புகழ் உடனே வந்துவிடவில்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாக உழைத்த பின்னரே, 'டவுன் பஸ்' (1955), 'சம்பூர்ண ராமாயணம்' (1958) போன்ற படங்கள் அவரை முன்னணிக்குக் கொண்டுவந்தன.

கவிஞர் எழுதித் தந்த பாடலை முதலில் படிக்கச் செய்து கேட்பது அவர் வழக்கம். குறிலும் நெடிலும் எங்கே அமைந்துள்ளன, பொருள் எங்கே நிற்கிறது, எந்தச் சொல்லில் உணர்ச்சி உச்சம் பெறுகிறது என்பவற்றை மனத்திற்கொண்டு மெட்டமைப்பார். உரைநடைபோல் தோன்றும் வரிகளுக்குள்ளும் ஒளிந்திருக்கும் தாளத்தை அவரால் கண்டுணர முடிந்தது. இதனால் கவிஞர்கள் தம் சொல்லைக் குறைக்கவோ நீட்டவோ வேண்டிய தேவை எழவில்லை.

இதற்குச் சிறந்த சான்று 'திருவிளையாடல்' (1965). பாணபத்திரரை வெல்ல வந்த ஏமநாதர், பாண்டியன் அவையில் பாடும் காட்சி அதில் உண்டு. அக்காட்சிக்குக் கண்ணதாசன் எழுதிய பாடலில் தோடி, தர்பார், மோகனம், கானடா ஆகிய இராகப் பெயர்கள் சொற்களோடு சொற்களாகப் பொதிந்துள்ளன. எந்த வரியில் எந்த இராகத்தின் பெயர் வருகிறதோ, அந்த வரியை அந்த இராகத்திலேயே அமைத்தார் மகாதேவன். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலில், ஏமநாதரின் புலமையும் செருக்கும் ஒருசேர வெளிப்பட்டன. சொல்லில் கவிஞர் வைத்த நயத்தை இசையும் எடுத்துக்காட்டியது.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்திற்கு மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களை நாதசுவரம் வாசிக்கச் செய்தார். கோவில்களிலும் திருமண வீடுகளிலும் ஒலித்த அந்த இசை, திரையின் வழியே பெருமிதத்தோடு மக்களைச் சென்றடைந்தது. சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருது முதன்முதலாக 1967ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்டபோது, 'கந்தன் கருணை' படத்திற்காக அதனைப் பெற்றவர் இவரே.

1970களின் பிற்பகுதியில் திரையிசையின் போக்கு மாறியது. புதிய இசைக்கருவிகளும் புதிய ஒலிகளும் வந்தன. அறுபது வயதைக் கடந்த மகாதேவனின் காலம் முடிந்தது என்று கருத இடமிருந்தது. அந்நேரத்தில் இயக்குநர் கே. விசுவநாத், 'சங்கராபரணம்' என்னும் தெலுங்குப் படத்தின் இசைப்பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். மாறிவரும் காலத்தில் தம் மரபிசையை விட்டுக்கொடுக்காத முதிய பாடகர் ஒருவரின் கதை அது. தெலுங்கு அவருக்குத் தாய்மொழி அன்று. ஆயினும், பொருளைக் கேட்டறிந்து மெட்டமைக்கும் அவரது வழக்கம் அங்கும் துணைநின்றது. கருநாடக இசையை முறையாகப் பயிலாத எஸ்.பி. பாலசுப்பிரமணியத்திற்கு, மகாதேவனின் உதவியாளர் புகழேந்தி பொறுமையுடன் பயிற்சி அளித்தார். 1979ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகள், மகாதேவனுக்கும் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்திற்கும் வாணி ஜெயராமுக்கும் அப்படத்திற்காகக் கிடைத்தன.

பல்லாண்டுகள் உடனிருந்து உழைத்த புகழேந்தியைத் தம் உதவியாளர் என்ற அளவில் மறைத்துவிடாமல், அவர் பெயரும் திரையில் இடம்பெறச் செய்தார் மகாதேவன். திரையுலகினர் அவரை 'மாமா' என்றே அன்புடன் அழைத்தனர். 2001ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் அவர் சென்னையில் மறைந்தார்.

மகாதேவன் இசையமைத்த பாடல் ஒன்றை எடுத்து, இசையின்றி ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பிறகு அதனைக் கேளுங்கள். படிக்கும்போது நீங்கள் நிறுத்திய இடங்களிலேயே பாடலும் நிற்பதை உணர்வீர்கள். தமிழ்ச் சொல்லுக்கு அவர் அளித்த மதிப்பு அங்கே புலப்படும்.