கேப்டன் லட்சுமியைத் தெரியும்... அவரைப் பெற்ற அம்மு சுவாமிநாதன் யார்? 14 வயதில் போட்ட 3 கண்டிஷன்!

நேதாஜியின் படையில் பெண்கள் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் கேப்டன் லட்சுமி. இது நம்மில் பலருக்கும் தெரியும். அவருடைய அம்மா? பல இடங்களில் லட்சுமியின் தாயார் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

ஆனால் மகள் துப்பாக்கி எடுப்பதற்கு ஒரு வருஷம் முன்பே அந்த அம்மா ஜெயிலுக்குப் போனவர். நம் அரசியல் சட்டத்தை உருவாக்கிய சபையிலும் உறுப்பினராக இருந்தவர். யார் இந்த அம்மு சுவாமிநாதன்?

13 பிள்ளைகளில் கடைக்குட்டி

1894 ஏப்ரல் 22 அன்று ஆனக்கரா என்ற ஊரில் பிறந்தார் அம்மு. இப்போது கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊர், அப்போது சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. 13 பிள்ளைகளில் இவர்தான் கடைசி. அப்பா கோவிந்த மேனன், அம்மு சின்னப் பெண்ணாக இருந்தபோதே இறந்துவிட்டார்.

வீட்டு ஆண்பிள்ளைகள் வெளியூர் போய்ப் படித்தார்கள். அம்மு பள்ளிக்கூடமே போனதில்லை. வீட்டிலேயே மலையாளம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதோடு சரி.

பொண்ணு கேட்டு வந்த வக்கீல்

சுப்பராம சுவாமிநாதன் ஏழைக் குடும்பத்தில் பிறந்த தமிழ் பிராமணர். சிறுவனாக இருந்தபோது அவர் படிக்க உதவியவர் கோவிந்த மேனன். பிறகு வெளிநாடு வரை போய்ப் படித்துவிட்டு சென்னையில் வக்கீல் தொழிலில் இறங்கினார். உதவிய குடும்பத்திலேயே பெண் எடுக்க வேண்டும் என்று ஆனக்கராவுக்கு வந்தார். கல்யாணம் ஆகாமல் மீதி இருந்த ஒரே பெண் அம்மு.

அம்முவை விட அவருக்கு 20 வயதுக்கு மேல் அதிகம். அந்தக் காலத்தில் பெண்ணிடம் சம்மதம் கேட்பதே அபூர்வம். அம்மு சம்மதம் சொன்னது மட்டுமில்லை, கண்டிஷனும் போட்டார் என்று குடும்பத்தினர் சொல்வார்கள்.

ஒன்று, கிராமத்தில் இருக்க முடியாது, சென்னையில்தான் குடித்தனம். இரண்டு, ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஒரு வெள்ளைக்கார டீச்சர் வேண்டும். மூன்று, வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருகிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது. ஏனென்றால் அண்ணன்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

மூன்றுக்கும் தலையாட்டினார் சுவாமிநாதன். 1908ல் கல்யாணம் நடந்தது.

அயர்லாந்து பெண்ணோடு சேர்ந்து ஆரம்பித்த சங்கம்

சென்னை வந்த சில வருஷங்களிலேயே அம்மு ஆங்கிலத்தில் சரளமாகப் பேசப் பழகிவிட்டார். 1917ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியபோது அதில் அவரும் ஒருவர். கூட இருந்தவர்கள் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் போன்றவர்கள். மார்கரெட் அயர்லாந்துக்காரர். பெண்களுக்கு ஓட்டு கேட்டு அங்கே சிறைக்குப் போய்விட்டு இந்தியா வந்தவர்.

இங்கேயும் அதே கோரிக்கைதான். 1921ல் பெண்களுக்கு வாக்குரிமை தந்த முதல் மாகாணம் சென்னை. ஆனால் சொத்து இருந்தவர்களுக்கு மட்டுமே அந்த ஓட்டு. குழந்தைத் திருமணத்துக்கு எதிராகவும் சங்கம் குரல் கொடுத்தது. 1929ல் வந்த சாரதா சட்டம், பெண்ணின் திருமண வயதை 14 ஆக நிர்ணயித்தது. அதாவது, அம்முவுக்குக் கல்யாணம் நடந்த அதே வயது!

1930ல் கணவர் இறந்தார். அப்போது அம்முவுக்கு வயது 36. கோவிந்த், லட்சுமி, சுப்பராம், மிருணாளினி என்று நான்கு பிள்ளைகள். 1934ல் காங்கிரஸில் சேர்ந்தார்.

அம்மா ஜெயிலில்... மகள் போர்முனையில்

1942ல் வெள்ளையனே வெளியேறு போராட்டம். கைது செய்யப்பட்ட அம்மு, ஒரு வருஷம் வேலூர் சிறையில் இருந்தார்.

டாக்டருக்குப் படித்த லட்சுமி 1940லேயே சிங்கப்பூர் போய்விட்டார். அந்த ஊர் ஜப்பான் கைக்குப் போனது. 1943ல் அங்கே வந்த நேதாஜி, ஜான்சி ராணி படையை அமைக்கும் பொறுப்பை லட்சுமியிடம் கொடுத்தார். மலேயா ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தார்கள்.

அம்மா காந்தி வழி. மகள் ஆயுத வழி. போர் முடியும் நேரத்தில் பர்மாவில் பிடிபட்ட லட்சுமி, 1946 மார்ச்சில்தான் இந்தியா திரும்ப முடிந்தது.

பர்ஸுக்குள் அடங்க வேண்டிய சட்டம்

அதே 1946ல் அரசியல் நிர்ணய சபைக்கு சென்னை மாகாணத்தில் இருந்து தேர்வானார் அம்மு. அந்த சபையில் இருந்த பெண்கள் மொத்தமே 15 பேர்தான்.

1949 நவம்பர் 24. அரசியல் சட்டம் நிறைவேற இன்னும் இரண்டே நாள். அன்றைக்குப் பேசிய அம்மு, பெண்களுக்குச் சம உரிமை எழுத்தில் வந்துவிட்டதைப் பெருமையாகக் குறிப்பிட்டார். கூடவே ஒரு குறையும் சொன்னார். சட்டம் ரொம்ப நீளம். பர்ஸிலோ பாக்கெட்டிலோ வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சின்னப் புத்தகமாக இருக்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தாராம். வந்ததோ 395 பிரிவுகள்!

1952 தேர்தலில் திண்டுக்கல் எம்.பி. ஆனார். இந்து திருமணச் சட்டமும் வாரிசுரிமைச் சட்டமும் 1955, 56ல் அந்த நாடாளுமன்றத்தில்தான் நிறைவேறின. கணவரைப் பிரிய, சொத்தில் பங்கு கேட்க இந்துப் பெண்களுக்கு இந்தச் சட்டங்கள் நாடு முழுக்க வழி கொடுத்தன.

மகன் கோவிந்த் மாநில அட்வகேட் ஜெனரல் ஆனார். மிருணாளினி புகழ்பெற்ற நடனக் கலைஞர், விக்ரம் சாராபாயின் மனைவி. 1978 ஜூலை 4 அன்று அம்மு காலமானார்.

ஏன் இவரைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

அம்மு போட்ட கண்டிஷன்கள் பலித்ததற்குக் காரணம், கணவர் ஒத்துக்கொண்டார் என்பதுதான். ஒத்துக்கொள்ளாத வீட்டில் பிறந்த, வாழ்க்கைப்பட்ட பெண்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்குச் சட்டம்தான் துணை. தனக்குப் பேசி வாங்கியதை எல்லாருக்கும் எழுதி வாங்கப் பார்த்தார் அம்மு.

14 வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைத்தால் இன்று அது குற்றம். சொத்தும் ஓட்டும் உரிமை. ஆனால் அந்த மூன்றாவது கண்டிஷனை எந்தச் சட்டத்திலும் எழுத முடியவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் லேட்டாகத் திரும்பும் பெண்ணை, ஏன் இவ்வளவு நேரம் என்று இன்றும் வாசலிலேயே நிறுத்திக் கேட்கும் வீடுகள் இருக்கின்றன. அதே வீட்டுப் பையனை யாரும் கேட்பதில்லை.