சிறைக்குள் ஓர் அறக்கோட்டம்

காவிரிப்பூம்பட்டினம் முதல் கோடியக்கரை வரை நீளும் சோழநாட்டுக் கடற்கரை, ஒரு காலத்தில் பௌத்தம் தழைத்த நிலமாகும். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஊர் வழங்கிய செய்தியை ஆனைமங்கலச் செப்பேடுகள் கூறுகின்றன. மணிமேகலைக் காப்பியத்தின் கதை தொடங்குவதும் இக்கரையிலுள்ள புகார் நகரிலேதான். அந்நகரின் சிறைக்கோட்டத்துள் அமுதசுரபியுடன் நுழைந்த மணிமேகலை, அங்கு வாடியோரின் பசியைப் போக்கினாள். வியந்த மன்னன், வேண்டுவது யாதென வினவினான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டும் என்பதே அவள் கேட்ட வரம். குற்றம் புரிந்தோருக்கு உணவோடு அறமும் வேண்டும் என்னும் எண்ணம் தமிழருக்கு அத்துணைப் பழமையானது.

காப்பியம் கண்ட அக்கனவை, 20ஆம் நூற்றாண்டில் சிறையின் உள்ளிருந்தே நனவாக்க முயன்றவர் வ.உ. சிதம்பரனார். அமுதசுரபியும் அரசன் ஆணையும் அவரிடம் இல்லை. அவரே ஒரு கைதியாக இருந்தார்.

கப்பலும் சிறையும்

சிதம்பரனார் 1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாதர், பரமாயி அம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார். வழக்கறிஞராகப் புகழ்பெற்ற அவர், 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அந்நிறுவனத்தின் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடி, ஆங்கிலேயரின் கடல் வணிகத்திற்குப் போட்டியாயின. 1908இல் தூத்துக்குடிக் கோரல் நூற்பாலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்கும் அவர் துணைநின்றார். அரசு அவரையும் சுப்பிரமணிய சிவாவையும் சிறைப்படுத்தியது. அவ்வாண்டு சூலைத் திங்களில் சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது.

கோவைச் சிறையில் அவர் சணல் கிழிக்கும் பொறியைச் சுற்றினார். உள்ளங்கைத் தோல் உரிந்து குருதி கசிந்தது. பின்னர், மாடு இழுக்க வேண்டிய செக்கை வெயிலில் இழுக்குமாறு பணிக்கப்பட்டார். வெளியிலோ, அரும்பாடுபட்டு வளர்த்த கப்பல் நிறுவனம் சிதைந்துகொண்டிருந்தது. உடலும் உழைப்பின் பயனும் ஒருங்கே அழியும் அந்நிலையில், ஒருவர் வெறுப்பால் வெந்து போகலாம். நம்பிக்கையற்று ஒடுங்கிப் போகலாம். சிதம்பரனார் மூன்றாவது வழியொன்றைத் தேடினார். பகைவரால் கைப்பற்ற இயலாத ஒன்று தம்மிடம் எஞ்சியிருப்பதை அவர் கண்டார். அதுவே மனம்.

மனம்போல வாழ்வு

சிறையிலிருந்தபோது, ஆங்கில எழுத்தாளர் சேம்சு ஆலன் 1903இல் வெளியிட்ட சிறுநூலொன்றை அவர் தமிழாக்கினார். அது ‘மனம்போல வாழ்வு’ என்னும் பெயரில் 1909இல் வெளிவந்தது. மனிதனின் எண்ணமே அவனது ஒழுக்கத்தையும் வாழ்வையும் உருவாக்குகிறது என்பது அந்நூலின் சாரம். ஆலன் புத்தரின் போதனைகளால் ஈர்க்கப்பட்டவர். செயல்களுக்கெல்லாம் மனமே முன்னோடி என்னும் கருத்தோடுதான் பௌத்த அறநூலாகிய தம்மபதம் தொடங்குகிறது. பழம்பெரும் பௌத்தச் சிந்தனை ஒன்று, கடல்கடந்து சென்று ஆங்கிலத்தில் உருமாறி, செக்கிழுத்த தமிழரின் கையில் மீண்டும் தமிழாயிற்று.

மனத்தை ஆளுதல் என்பது அநீதிக்குப் பணிதல் என்று அவர் கொள்ளவில்லை. தண்டனையை எதிர்த்து வழக்காடிக்கொண்டே, தம் உள்ளம் கசப்பில் மூழ்காதவாறு அவர் காத்துக்கொண்டார்.

கண்ணனூர் வகுப்பறை

1910இன் இறுதியில் சிதம்பரனார் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். அங்கிருந்த கைதிகள் பலர் அவரை நாடி வந்து நீதிநூல்களைப் பாடங்கேட்டனர். பலவகைக் குற்றங்களுக்காகத் தண்டனை பெற்று, சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். அவர்களை இழிந்தோராகக் கருதி விலகியிருக்க, கல்வியும் புகழும் வாய்ந்த அவருக்குக் காரணங்கள் இருந்தன. ஆயினும் அவர் அவர்களைத் தம் மாணவராகவே ஏற்றார். எளிதில் மனங்கொள்ளும் வண்ணம் அறக்கருத்துகளை வெண்பாக்களாக இயற்றிக் கற்பித்தார். சுவடியின்றியும் நெஞ்சில் நிறுத்தத்தக்கது செய்யுள். சிறைக்கு அதைவிடப் பொருத்தமான பாடநூல் வேறில்லை.

அவ்வெண்பாக்களே பின்னர் ‘மெய்யறிவு’ என்னும் நூலாயின. தன்னை அறிதலில் தொடங்கும் அந்நூல், உடம்பை வளர்த்தல், மனத்தை ஆளுதல், மறம் களைதல், அறம் புரிதல், தவம் செய்தல் எனப் படிப்படியாக உயர்ந்து, மெய்ந்நிலை அடைதலில் நிறைவுறுகிறது. அது பௌத்த நூலன்று. எனினும் தீமை நீக்கி, நன்மை செய்து, உள்ளத்தைத் தூய்மையாக்கும் புத்தர் காட்டிய நெறியோடு அதன் அமைப்பு பெரிதும் ஒத்திருக்கிறது. குற்றம் செய்தவன் குற்றமே ஆகிவிடுவதில்லை. தன் மனத்தைத் தானே திருத்திக்கொள்ள வல்லவன் அவன் என்னும் நம்பிக்கையே அப்பாடங்களின் அடித்தளம்.

விடுதலைக்குப் பின்

1912 திசம்பரில் விடுதலையானபோது, கப்பல் நிறுவனம் அழிந்திருந்தது. வழக்கறிஞர் உரிமையும் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் வறுமையோடு போராடியவாறே ‘மெய்யறம்’, ‘மெய்யறிவு’ முதலிய நூல்களை வெளியிட்டார். தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். திருக்குறளுக்கு உரை வரைந்தார். வழக்கறிஞர் உரிமையை மீண்டும் பெற உதவிய வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் நினைவாக, தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கில ஆட்சியால் அனைத்தையும் இழந்தவர் ஓர் ஆங்கிலேயரின் பெயரைத் தம் இல்லத்தில் நாளும் ஒலிக்கச் செய்தார். மறம் களைதலைப் பிறருக்குக் கற்பித்தவர் தாமும் அதைக் கற்றிருந்தார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

1930 ஏப்ரலில், வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை செல்லும் வழியிலுள்ள அகத்தியம்பள்ளியில் உப்பெடுத்து இராசாசியும் தொண்டர்களும் சிறை புகுந்தனர். நாட்டுக்காகச் சிறை செல்வது பெருமை என்னும் எண்ணம் அப்போது வேரூன்றியிருந்தது. அத்தகைய துணையும் ஆரவாரமும் இல்லாத காலத்தில், அவர்களுக்கு முன்பே அப்பாதையில் நடந்தவர் சிதம்பரனார். 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் அவர் மறைந்தார்.

அவர் செலுத்திய கப்பல்கள் இன்று இல்லை. கண்ணனூரில் அவரிடம் பாடங்கேட்டவர்களின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவும் இல்லை. ஆனால், அவர்களுக்காகப் பிறந்த வெண்பாக்கள் இன்றும் வாழ்கின்றன. சிறையை அறக்கோட்டமாக்க மன்னனின் ஆணை வேண்டும் என்றிருந்த நிலை மாறி, கற்பிக்க ஒருவரும் கற்க விழைவோர் சிலரும் இருந்தாலே போதும் என்பதை அவை மெய்ப்பிக்கின்றன.