பாரிஸ் இரவுகளைப் படம்பிடித்த பிராசாய்

ஒரு மாநகரைப் பகலிற் காண்போர் பலர். இரவில் அதனை உற்றுநோக்குவோர் மிகச் சிலர். பகலில் கோபுரமும் பாலமும் மாளிகையும் குடிசையும் சூரியனின் ஒளியைப் பொதுவிற் பங்கிட்டுக்கொண்டு நிற்கின்றன. இரவிலோ தெருவிளக்கு எதனைத் தொடுகின்றதோ அதுவே காட்சியாகின்றது. எஞ்சியவை யாவும் இருளுக்கே உரியன. அவ்விருளையும் ஒளியைப் போன்றதொரு பொருளாக மதித்து, அதனைக் கொண்டே ஒரு மாநகரின் உருவத்தைத் தீட்டியவர் பிராசாய். பாரிஸ் நகரைக் கனவிலுங் கண்டிராதவர் மனத்திலும் அந்நகரின் இரவு ஒரு வடிவம் பெற்றிருக்குமாயின், அவ்வடிவத்திற் பெரும்பகுதி அவர் தந்ததேயாகும்.

அவரின் இயற்பெயர் கியுலா ஹலாஸ். 1899ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் நாள், அந்நாளில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பகுதியாயிருந்த திரான்சில்வேனியாவில், பிராசோ என்னும் மலைசூழ் ஊரிற் பிறந்தார். தந்தையார் பிரெஞ்சு மொழியும் இலக்கியமும் கற்பித்த ஆசிரியர். மைந்தர் நான்கு வயதுச் சிறுவராயிருந்த காலத்தில் அக்குடும்பம் ஏறத்தாழ ஓராண்டு பாரிஸிற் சென்று வாழ்ந்தது. ஆசிரியர் ஒருவரின் வீட்டில் நூல்களோடும் பேச்சுக்களோடும் கலந்து வந்த பாரிஸ், அச்சிறுவரின் உள்ளத்தில் அப்போதே ஊன்றிவிட்டதெனலாம்.

புடாபெஸ்ற் நகரில் ஓவியமும் சிற்பமும் பயின்ற அவர், முதலாம் உலகப் போரின்போது குதிரைப் படையிற் பணியாற்றினார். போர் முடிந்தபோது பேரரசு சிதறியது. பிறந்த ஊர் ருமேனியாவுக்கு உரியதாயிற்று. 1920இல் பெர்லின் சென்று கலைக்கழகத்திற் பயின்றுகொண்டே ஹங்கேரியப் பத்திரிகைகளுக்குச் செய்திக் கட்டுரைகள் எழுதிப் பிழைத்தார். 1924இல் பாரிஸை அடைந்தார். அதன்பின் அந்நகரே அவருக்கு ஊரும் உறவுமாயிற்று. பிரெஞ்சு மொழியை முறையாகக் கற்கப் பொருளின்மையால், மார்சல் புரூஸ்தின் நூல்களைப் படித்துப் படித்தே அதனைத் தமதாக்கிக்கொண்டார். அந்நூலாசிரியர்பாற் கொண்ட பற்று அவரை இறுதிவரை விடவில்லை.

இங்குக் கருதத்தக்கதொன்றுண்டு. முப்பது வயதை நெருங்கும்வரை அவர் நிழற்படக் கலையை மதித்தவரல்லர். ஓவியம் உயர்கலை, எழுத்து உயர்கலை, கமராவோ வெறும் பொறி என்பதே அவரின் எண்ணம். ஆயினும் பத்திரிகைக் கட்டுரைகளுக்குப் படங்கள் வேண்டியிருந்தன. அப்படங்களைப் பெறும் முயற்சியில், தம் நாட்டவராகிய அந்திரே கெர்த்தேஸ் என்னும் நிழற்படக் கலைஞரின் நட்புக் கிட்டிற்று. கமராவின் கண்ணை நெடுநேரம் திறந்துவைத்தால் இரவும் படத்தில் வீழும் என்பதை அவரிடமே கண்டுணர்ந்தார். இரவில் உறங்காது நகரெங்கும் சுற்றித் திரிவது அவரின் நெடுநாள் வழக்கம். கண்ட காட்சிகளை மனத்தில் மட்டும் சுமந்து திரிந்தவருக்கு, அவற்றை இறக்கிவைக்க ஓரிடம் அகப்பட்டது. ஓவியத்துக்கெனத் தம் இயற்பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு, பிராசோ ஊரினர் என்னும் பொருள்பட பிராசாய் என்ற பெயரைப் படங்களுக்குச் சூட்டினார். உலகம் நினைவிற் கொண்டது அந்தப் புனைபெயரையே.

இரவில் நகரைப் படம்பிடித்தவர்களில் அவர் முதல்வரல்லர். லண்டனில் போல் மார்ட்டின் என்பவரும் நியூயோர்க்கில் அல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் என்பவரும் 1890களிலேயே அம்முயற்சியில் இறங்கியிருந்தனர். எனினும் ஒரு மாநகரின் இரவு முழுவதையும் ஒரே நூலுக்குள் அடக்கிக் காட்டும் துணிவு பிராசாயிடமே முதலிற் சிறந்து விளங்கிற்று.

அவரின் கருவிகள் எளியன. கண்ணாடித் தகடுகளை ஏற்கும் சிறியதொரு போய்க்லேண்டர் கமரா, ஒரு முக்காலி, ஓரிரவுக்குப் போதுமான இரண்டு டசின் அளவிலான தகடுகள். அவற்றின் சுமையே அவருக்குச் சிக்கனத்தைக் கற்பித்தது. ஒவ்வொரு படத்தையும் எண்ணித் துணிந்தே எடுத்தார். மங்கிய ஒளியில் தகட்டின் உணர்திறன் மேலும் குன்றும். ஆகவே கணக்கிற் கண்ட நேரத்திலும் கூடுதலாகக் காத்திருத்தல் வேண்டும். அந்நேரத்தை அவர் சிகரெட்டால் அளந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஒளி சற்றே இருப்பின் கோலுவாஸ் சிகரெட் ஒன்று எரிந்து முடியும் நேரம். இருள் மிகுந்திருப்பின் அதனினும் தடித்த புவாயார் ஒன்று முடியும் நேரம்.

தெருவிளக்கு நேரே கமராவின் கண்ணிற் பட்டால் அதனைச் சுற்றி ஒளி பரவிப் படத்தைக் கெடுக்கும். இதனைத் தவிர்க்க, மரத்தின் அடியையோ சுவரின் முனையையோ விளக்குக்கு முன்னே வரும்படி அவர் நின்றார். விளக்கு மறைந்தது, அதன் ஒளி மட்டும் கல் பாவிய தெருவிற் சிந்திக் கிடந்தது. மழை பெய்த இரவையும் மூடுபனி கவிந்த இரவையும் அவர் தேடிச் சென்றார். ஈரக் கற்கள் ஒளியை இரட்டிப்பாக்கும். மூடுபனியோ அதனை மெல்லிய துகிலென விரித்து, கருமைக்கும் வெண்மைக்கும் இடையிலுள்ள கூர்மையைத் தணிக்கும். பிறர் வீட்டிற்குள் ஒடுங்கும் இரவே அவருக்கு அறுவடைக் காலம்.

இவ்வாறு அவர் கண்ட சின்னங்கள் யாவரும் அறிந்தனவே: ஈபெல் கோபுரம், வெற்றி வளைவு, கொன்கோர்ட் சதுக்கம், செய்ன் நதியின் பாலங்கள், சென் ஜாக் கோபுரம். நோத்ர தாம் தேவாலயத்தின் உச்சிக்கு இரவில் ஏறுதல் தடைசெய்யப்பட்டதாயினும், காவல் செய்தோரை இணங்கச் செய்து, இருண்ட படிகளில் ஏறி, அங்குள்ள கல் உருவங்களுக்குப் பின்னால் நகரம் மினுங்குவதைப் படமாக்கினார். தளபதி நே என்பவரின் சிலை மூடுபனியில் வாளுயர்த்தி நிற்க, அப்பால் ஒரு விடுதியின் விளக்கெழுத்துக்கள் ஒளிர்வதைக் காட்டும் படம் அவரின் புகழ்பெற்ற ஆக்கங்களில் ஒன்று. பழைய போரின் பெருமையும் புதிய காலத்தின் விளம்பரமும் ஒரே பனிக்குள் நிற்கின்றன. விளக்கம் கூறுதல் வேண்டாதவாறு படமே பேசுகின்றது.

ஆனால் சின்னங்களோடு அவர் நின்றிருப்பின் அழகிய அஞ்சலட்டைகள் செய்தவராகவே எஞ்சியிருப்பார். அச்சின்னங்களின் நிழலில் இரவெல்லாம் உழைத்தவர்களையும் அவர் கண்டார். தண்டவாளம் செப்பனிடுவோர், கழிவுக் குழிகளை வெறுமையாக்குவோர், வைகறைக்கு முன் ரொட்டி சுடுவோர், லே ஆல் சந்தையில் மரக்கறி மூட்டைகளை இறக்குவோர், பாலத்தடியில் உறங்கும் வீடற்றோர் ஆகிய எல்லோரும் அவரின் பாரிஸில் இடம்பெற்றனர். நகரைப் பகலில் மிடுக்குடன் நிற்கச்செய்யும் கைகள் இரவில் எங்கிருக்கின்றன என்பதை அப்படங்கள் ஆரவாரமின்றி உணர்த்தின.

பால் மோரான் என்னும் எழுத்தாளரின் முன்னுரையுடன், ஏறத்தாழ 60 படங்களைக் கொண்ட "இரவிற் பாரிஸ்" என்னும் நூல் 1933ஆம் ஆண்டுப் பதிப்பாக வெளிவந்தது. பக்கத்தின் ஓரங்களில் வெள்ளை விளிம்பு விடப்படவில்லை. கருமை பக்கத்தின் எல்லைவரை பரவி நின்றது. நூல் பிராசாயை ஒரே முறையிற் புகழின் உச்சிக்கு உயர்த்திற்று. 1938இல் பில் பிரான்ட் என்பவர் லண்டன் இரவுகளைப் பற்றி இதே வகையில் நூலொன்று வெளியிட்டமை, இந்நூல் திறந்த வழியின் சிறப்புக்குச் சான்று.

அவரின் முறையைப் பற்றி எழுப்பப்படும் வினாவொன்றையும் மறைத்தலாகாது. இரவிற் படமெடுக்க நெடுநேரம் அசையாது நிற்றல் வேண்டும். உள்ளரங்குகளிலோ மக்னீசியத் தூளைக் கொளுத்தியே ஒளி பெறவேண்டும். ஆகவே மறைந்திருந்து படமெடுத்தல் இயலாது. படத்திலுள்ளோர் பலர் அவரின் வேண்டுகோளுக்கிணங்க நின்றவர். சிலர் அவரின் நண்பரே. அவ்வாறாயின் அப்படங்கள் உண்மையாகுமா? நாடகத்தில் நடிகன் நிற்குமிடம் முன்னரே குறிக்கப்பட்டதாயினும் அவன் காட்டும் வாழ்வு பொய்யாவதில்லை. பிராசாய் அம்மக்களோடு இரவுகள் பலவற்றைக் கழித்து, பழகி, அவர் தம்மை ஏற்றபின்னரே கமராவை விரித்தார். அவ்விணக்கத்தின் விலையாகச் சில வேளைகளில் அவரின் பணமும் களவுபோயிற்று. மிக மறைவான வாழ்வைக் காட்டிய படங்களை 1976இலேயே நூலாக்கினார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

1930களின் தொடக்கத்தில் பிக்காசோவின் சிற்பங்களைப் படமெடுக்கச் சென்றவர் அவரின் நெடுநாள் நண்பரானார். 1940இல் ஜேர்மானியர் பாரிஸை நெருங்கியபோது தெற்கே சென்ற பிராசாய், தம் தகடுகளை எண்ணிக் கலங்கி மீண்டும் நகருக்கே திரும்பினார். ஆக்கிரமிப்பாளரிடம் அனுமதி பெற்றாலன்றிப் படமெடுத்தல் கூடாதென்ற நிலையில், அவ்வனுமதியைக் கேட்க மறுத்து, பெரும்பாலும் சித்திரம் வரைதலிலும் பிக்காசோவின் சிற்பங்களைப் படம்பிடித்தலிலும் அக்காலத்தைக் கழித்தார். 1949இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். சுவர்களிற் பெயரறியாதோர் கீறிய உருவங்களைப் பல்லாண்டுகளாகப் படமெடுத்துச் சேர்த்தவை 1956இல் நியூயோர்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பிக்காசோவுடனான உரையாடல்களை 1964இல் நூலாக்கினார். புரூஸ்தைப் பற்றிய தம் ஆய்வில் முதுமையைச் செலவிட்டு, 1984ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் தென் பிரான்சில் மறைந்தார். தாம் இரவிரவாக நடந்து திரிந்த பாரிஸின் மொன்பர்னாஸ் மயானத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தம் தகடுகளுக்காக அவர் திரும்பிவந்ததன் அருமையை நம் நாட்டின் வரலாறும் உணர்த்துகின்றது. பிராசாய்க்கு ஓராண்டு பின்னர், 1900இல் கொழும்பிற் பிறந்த லயனல் வெண்ட், இசையிலிருந்து நிழற்படத்துக்கு வந்து இலங்கையின் முகத்தை ஈடிணையற்ற படங்களாக ஆக்கினார். 1944இல் அவர் மறைந்தபின் அவரின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. எஞ்சிய அச்சுப் பிரதிகளிலிருந்தே 1950இல் நூலொன்று வெளிவந்தது. இழந்தது எவ்வளவென அளந்து கூற இனி எவராலும் இயலாது.

பிராசாய் கண்ட பாரிஸும் அப்படியே நிலைத்துவிடவில்லை. லே ஆல் சந்தை 1969இல் நகருக்கு வெளியே பெயர்க்கப்பட்டது. அதன் இரும்பு மண்டபங்கள் 1971இல் இடிக்கப்படலாயின. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் நோத்ர தாமின் கூரையும் கூர்முடியும் தீக்கிரையாயின. ஐந்தாண்டுகளின் பின்னரே தேவாலயம் மீளத் திறக்கப்பட்டது. கல்லும் இரும்பும் நிலையாதிருக்க, ஒரு சிகரெட் எரியும் நேரத்திற் கண்ணாடித் தகட்டில் வீழ்ந்த ஒளி நிலைத்திருக்கின்றது.

இதனை நம் கரையோர மக்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டுவதன்று. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது, இலங்கையில் மிகுந்த உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் வீடுகளோடு தெருக்களும், தெருக்களோடு அவற்றின் படங்களும் நீரோடு போயின. போன தெருவின் தோற்றத்தை இளையோருக்குக் காட்ட முதியோரின் சொல்லன்றி வேறொன்றும் இல்லாத இடங்கள் பல.

பிராசாய் போன்றோரின் வாழ்வு மாணவர்க்குக் கூறும் பாடம் ஈபெல் கோபுரத்தோடு முடிவதன்று. கடற்கரைப் பள்ளியின் விழாக்கால விளக்குகளும், பேக்கரியில் நள்ளிரவில் மாப்பிசையும் கைகளும், விடியுமுன் தோணி தள்ளுவோரின் தோள்களும், மருதமுனைத் தறிகளும் நம்முடைய சின்னங்கள். கமரா இன்று ஒவ்வொருவர் கையிலும் உண்டு. அரிதாயிருப்பது, ஓரிடத்தில் நின்று, இருள் தன்னைக் காட்டும்வரை காத்திருக்கும் பொறுமையே. அப்பொறுமை வாய்க்கப்பெற்ற ஒருவர் நம்மூர் இரவுகளையும் ஒருநாள் நூலாக்குவாராயின், அது நமக்கு மட்டுமன்றி நம் பின்னோர்க்கும் பெருஞ் செல்வமாகும்.